லான்சரா, இம்ப்ரேசாவா?

விடுதி மெஸ்ஸில் சாம்பார் ஆறிப்போவதற்கு இந்நாளில் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அது ஆறியே வருகிறது. மற்றொன்று, நம் மன்றத்து நண்பர்கள் தொடங்கி வைக்கும் ஜப்பானியக் கார் வழக்கு. மிட்சுபிஷி லான்சர் எவொல்யூஷன் சிறந்ததென்று ஒரு கட்சியார் மேசையைத் தட்டுகிறார்கள். சுபாரு இம்ப்ரேசா எஸ்.டி.ஐ.யே சிறந்ததென்று மறு கட்சியார் தட்டையே தட்டுகிறார்கள். இரண்டில் ஒன்றையேனும் வாங்கும் வசதி நம்மில் எவருக்கும் இல்லை. இரண்டுமே இன்று புதிதாகக் கிடைப்பதும் இல்லை. ஆயினும் வழக்கின் சூடு தணிந்தபாடில்லை. நானும் ஈராண்டுக் காலம் எவொல்யூஷன் கட்சியில் இருந்து தொண்டை வறளக் கத்தியவன்தான். இப்போது பாதிக் கட்சி மாறிவிட்டேன். பாதி மட்டும் ஏன் என்பதைக் கூறவே இதை எழுதுகிறேன்.

லான்சர் எவொல்யூஷனும் இம்ப்ரேசாவும் 1992-ஆம் ஆண்டு பிறந்தவை. இரண்டையும் ஈன்ற தாய் ஒருத்தியே. அவள் பெயர் உலக ராலிப் போட்டி. அந்நாளில் வழங்கிய குரூப் ஏ விதிப்படி, போட்டிக்கு அனுப்பும் காரை ஒத்த கார்களை ஆயிரக்கணக்கில் செய்து பொதுமக்களுக்கு விற்றாக வேண்டும். ஆகவே இரு கம்பெனிகளும் நான்கு கதவுள்ள குடும்பக் காருக்குள் இரண்டு லிட்டர் டர்போ எஞ்சினைப் பொருத்தி, நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிட்டுக் கடைக்கு அனுப்பின. காய்கறி வாங்கப் போகும் காரும் ஸ்வீடன் நாட்டுப் பனியில் பறக்கும் காரும் உடன்பிறப்புகளாயின. 1998 முதல் நம் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் உருவான சாதாரண லான்சரை நம் வீட்டுப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். எவொல்யூஷன் அந்தச் சாதுவான குடும்பத்தில் உதித்த முரட்டுப் பிள்ளை.

போட்டியில் வென்றது எது என்று கேட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியுமா? முடியாது. 1996, 1997 ஆகிய ஈராண்டும் ஓட்டுநர் பட்டம் லான்சர் ஓட்டிய டொம்மி மாக்கினனுக்குச் சென்றது. உற்பத்தியாளர் பட்டமோ சுபாருவுக்குச் சென்றது. மாக்கினன் அடுத்த ஈராண்டும் வென்று, தொடர்ந்து நான்கு முறை வாகை சூடினார். சுபாருவுக்கு 1995-இல் காலின் மெக்ரேயும், 2001-இல் ரிச்சர்ட் பர்ன்ஸும், 2003-இல் பெட்டர் சோல்பெர்க்கும் பட்டம் தேடித் தந்தார்கள். அவரவர் தம் கட்சிக்கு ஏற்ற ஆண்டை எடுத்துக்கொள்ளலாம்.

குதிரைத்திறனைக் காட்டி வாதாடுவதும் வீண். 1989 முதல் 2004 வரை ஜப்பானியக் கம்பெனிகள் தமக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன. உள்நாட்டில் விற்கும் எந்தக் காருக்கும் 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை என்பதே அது. 1996-இல் எவொல்யூஷனும் எஸ்.டி.ஐ.யும் ஒருங்கே அந்த 280-ஐத் தொட்டன; தொட்டு அங்கேயே ஆண்டுக்கணக்கில் நின்றன. காகிதத்தில் நின்றன என்று சொல்ல வேண்டும். வண்டிகள் ஆண்டுதோறும் விரைவு கூடிக்கொண்டேதான் வந்தன. விளம்பரத் தாளின் எண்ணை நம்பி மேசையைத் தட்டுவோர் இதை நினைவிற் கொள்க.

உண்மையான வேற்றுமை வளைவில்தான் தெரிகிறது. 1996-இல் வந்த நான்காம் எவொல்யூஷனில் மிட்சுபிஷி ஒரு புதுமையைப் புகுத்தியது. பின் அச்சில் உள்ள டிஃபரன்ஷியல், வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மிகுதியான விசையைத் தள்ளும். எவ்வளவு தள்ளுவது என்பதை ஒரு கணிப்பொறி முடிவு செய்யும். ஸ்டீயரிங்கின் கோணம், சக்கரங்களின் வேகம், பக்கவாட்டு விசை இவற்றை நொடிதோறும் அளந்து பார்த்து முடிவு செய்யும். படகோட்டி ஒருபக்கத் துடுப்பை அழுத்திப் படகைத் திருப்புவது போன்றது இது. 2001-இல் வந்த ஏழாம் எவொல்யூஷனில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே உள்ள டிஃபரன்ஷியலும் கணிப்பொறியின் ஆட்சிக்கு உட்பட்டது. (அமெரிக்காவுக்குச் சென்ற எட்டாம், ஒன்பதாம் எவொல்யூஷன்களில் பின் அச்சுப் புதுமை இல்லை, அதைக் கொண்டு என்னை மடக்க நினைக்கும் நண்பருக்காக முன்கூட்டியே கூறிவிட்டேன்.) விளைவு என்ன? ஓட்டுநர் சற்றுப் பிழை செய்தாலும் வண்டி மூக்கை வளைவுக்குள் நுழைத்துக் கொள்கிறது. அவர் தம்மைத் தேர்ந்த ஓட்டுநர் என்று எண்ணிக்கொள்கிறார்.

சுபாருவின் வழி வேறு. அதன் எஞ்சினில் உருளைகள் நிமிர்ந்து நிற்பதில்லை. இருபுறமும் படுத்துக் கிடக்கின்றன. ஆகவே எடையின் மையம் தாழ்ந்திருக்கிறது. பழைய இம்ப்ரேசாவின் அந்தத் தடதடக்கும் ஓசைக்குக் காரணம், புகைக் குழாய்கள் சம நீளம் இல்லாமல் இருந்தது. காதுக்கு இனிமைதான், எனினும் ஓசையைக் கேட்டுக் கட்சியில் சேர்ந்தவர்களே பலர் என்பது என் ஐயம். ஆனால் அந்த எஞ்சின் முன் அச்சுக்கும் முன்னே நீட்டிக்கொண்டு இருக்கிறது. மூக்கில் பாரம் மிகுதி. வேகத்தோடு வளைவில் நுழைந்தால் வண்டி திரும்ப மனமின்றி வெளிப்பக்கமாக அகன்று செல்லும். எஸ்.டி.ஐ.யின் பல வகைகளில் நடு டிஃபரன்ஷியலின் இறுக்கத்தை ஓட்டுநரே தீர்மானிக்க ஒரு சிறு விசை உண்டு. அதாவது, மிட்சுபிஷி கணிப்பொறியிடம் ஒப்படைத்த வேலையில் ஒரு பகுதியைச் சுபாரு ஓட்டுநர் கையிலேயே விட்டுவைத்தது.

பந்தயத் தடத்துக்கு எது? ஐயமின்றி எவொல்யூஷன். அங்கே எதிரே லாரி வராது. வழி தவறினால் விழுவதற்கு மணற்பரப்பு உண்டு. ஒவ்வொரு வளைவிலும் மிச்சமாகும் கால் நொடிக்கு மதிப்பு உண்டு. ஒன்பதாம் எவொல்யூஷன் வரை இருந்த எஞ்சினின் வார்ப்பிரும்பு உடல் எத்தனை அழுத்தத்தையும் தாங்கும் என்று பெயர் பெற்றது. சுபாருவின் இரண்டரை லிட்டர் எஞ்சினில், டர்போ அழுத்தத்தைக் கூட்டிவிட்டால் பிஸ்டனின் வளையத் திட்டு உடைவது எல்லோரும் அறிந்த குறை. இதுவரை நான் என் பழைய கட்சியிலேயே இருக்கிறேன்.

சாலைக்கு எது என்ற இடத்தில்தான் பிரிகிறேன். சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு, நண்பர் நால்வர் ஊரைச் சுற்றிச் செல்லும் புறவட்டச் சாலையில் வேகம் பார்க்கச் சென்றோம். இரவல் கார், சாதாரணமான புதுக் கார். முள் 140-ஐத் தாண்டியபோதும் உள்ளே அமைதியாக இருந்தது. ஸ்டீயரிங் நடுங்கவில்லை, டயர் கூவவில்லை. முன் இருக்கையில் இருந்த நான், “இன்னும் போகலாம்” என்று சொன்னேன். சொன்னது நான்தான். பனிமூட்டத்தில் ஒரு டிராக்டர், பின்விளக்கு இல்லாமல். வண்டி நடுத்திட்டில் ஏறி நின்றது. ஓட்டிய நண்பரின் மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்க்குக் கீறல் மட்டுமே. டிராக்டர்க்காரர் இறங்கி வந்து, எங்களைத் திட்டாமல், தண்ணீர் கொடுத்தார்.

அன்றிலிருந்து என் மனத்தில் ஒரு கேள்வி: எல்லை நெருங்குகிறது என்று வண்டி எப்போது சொல்கிறது? இம்ப்ரேசாவின் மூக்கு விலகுவதைக் குறை என்கிறோம். தடத்தில் அது குறையே. சாலையில் அது முன்னெச்சரிக்கை. இவ்வளவுதான் முடியும், காலை எடு என்று வண்டி முன்கூட்டியே சொல்கிறது. எவொல்யூஷன் அதைச் சொல்லாமல் மறைத்து, நம் பிழையைத் தானே திருத்தி, திருத்தித் திருத்தி, இனித் திருத்த முடியாத வேகத்தில் நம்மைக் கைவிடுகிறது. உதவி செய்யும் கருவி மிகுந்த காரே பாதுகாப்பானது அன்றோ என்று எவொல்யூஷன் கட்சியார் கேட்பர். அதே வேகத்தில் சென்றால் ஆம். ஆனால் நம் வயதில் உள்ளவன் அதே வேகத்தில் செல்வதில்லை. வண்டி கொடுத்த துணிச்சல் முழுவதையும் வேகமாக்கிச் செலவழித்துவிடுகிறான். நான் செலவழித்தேன்.

மிட்சுபிஷி 2005-ஆம் ஆண்டோடும் சுபாரு 2008-ஆம் ஆண்டோடும் உலக ராலியை விட்டு விலகின. எவொல்யூஷன் உற்பத்தி 2016-இல் முடிந்தது. புதிய டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரின் மீது பெட்ரோல் எஸ்.டி.ஐ. செய்யப் போவதில்லை என்று சுபாரு 2022-இல் அறிவித்தது. ஆகவே நம் வழக்குக்கு இனிப் புதுச் சாட்சிகள் வரமாட்டார்கள். எவொல்யூஷன் கட்சியார் மறுப்பு எழுதினால் அடுத்த இதழில் இடம் தருவதாக ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வேகம் பார்த்தே தீரவேண்டும் என்போர் பணம் சேர்த்துக்கொண்டு கிரேட்டர் நொய்டாவின் புத்தா தடத்துக்கோ, ஊருக்குப் போகும்போது இருங்காட்டுக்கோட்டைக்கோ வாருங்கள். பங்கு போட நானும் உண்டு. புறவட்டச் சாலைக்கு மட்டும் என்னை அழைக்க வேண்டா.