வாலிகண்டபுரத்தில் நின்றவர்கள்

உள்நாட்டுப் போரில் ஆயுதம் ஏந்திய கறுப்பின வீரர்கள் என்றதும் நம் இலக்கிய நண்பர்களுக்கு அமெரிக்காதான் நினைவுக்கு வருகிறது. நம் மண்ணில் நடந்த உள்நாட்டுப் போரிலும் ஆப்பிரிக்கர்கள் போரிட்டார்கள் என்பதை நாம் எழுதியதில்லை, பேசியதுமில்லை. மஞ்சக்குப்பத்தின் பழம்பெருமை பேசும் எவரும் கிளைவை மறப்பதில்லை; இவர்களையோ நினைப்பதே இல்லை. இது தற்செயலான மறதி அன்று என்பதே நம் வாதம்.

1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் வீழ்ந்தார். அவர் மகன் முகமது அலிக்கும் சந்தா சாகிபுக்கும் ஆற்காட்டு அரியணைக்காகப் பூசல் மூண்டது. பாடநூல்கள் இதை ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் பகையாகச் சுருக்கிவிட்டன. ஊர்கள் எரிந்ததும் வயல்கள் பாழானதும் நம்முடையவை. ஆகவே இது நம் உள்நாட்டுப் போரே.

இந்தப் பூசலுக்கு முன்பே ஆப்பிரிக்கர்கள் இங்கு வந்துவிட்டார்கள். 1746 டிசம்பரில் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைப் பிடிக்கப் புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படை, கம்பெனியாரின் தோட்ட மாளிகையில் தங்கி, நவாபின் படை நெருங்கியதும் பின்வாங்கியது. அப்படையில் மடகாஸ்கரிலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் பிறந்த அடிமை வீரர்கள் இருந்தார்கள். லா பூர்தொனே பயிற்றுவித்துக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்.

ஆங்கிலேயரும் பின்தங்கவில்லை. 1751இல் முகமது அலிக்குத் துணையாகப் புனித டேவிட் கோட்டையிலிருந்து கேப்டன் ஜின்ஜென் தலைமையில் புறப்பட்ட படையில் ஏறத்தாழ நூறு ஆப்பிரிக்கர்கள் இருந்தனர். வாலிகண்டபுரத்தருகே நடந்த மோதலில் ஐரோப்பியச் சிப்பாய்கள் பீதியுற்று ஓடினர். இளம் கிளைவ் உள்ளிட்ட அதிகாரிகள் தடுத்தும் அவர்கள் நிற்கவில்லை. ஆப்பிரிக்கர்களோ நின்றார்கள், பிறகு தங்களுடைய இறந்தோரையும் காயமுற்றோரையும் சுமந்துகொண்டு ஒழுங்காகத் திரும்பினார்கள். இதை எழுதியவர் கம்பெனியின் சொந்த வரலாற்றாசிரியரான ராபர்ட் ஓர்ம். 1763இல் அச்சேறிய அவர் நூலே சான்று கூறும்போது, நாம் எதற்காகக் கண்ணை மூடிக்கொண்டோம்?

'கூலிக்கும் கட்டாயத்துக்கும் போரிட்டவர்களுக்கு வரலாற்றில் என்ன இடம்?' என்று சிலர் கேட்கக்கூடும். கூலிக்குப் போரிடாதவர் அக்களத்தில் யார்? கம்பெனியின் ஊதியம் பெற்ற கிளைவுக்குப் பக்கம் பக்கமாக இடமளித்துவிட்டு, விலைக்கு வாங்கப்பட்டவனிடம் மட்டும் இலட்சியம் கேட்பது என்ன நியாயம்? கப்பலில் ஏற்றியபோதும் களத்தில் நிறுத்தியபோதும் அவனுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் ஒன்றியப் படையில் சேர்ந்தனர். வெள்ளையருக்கு மாதம் 13 டாலர், இவர்களுக்கு 10 டாலர் என்றபோது, மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவினர் அந்த ஊதியத்தைத் தொடவே மறுத்தனர். 1864இல் நாடாளுமன்றம் இறங்கிவந்தது. அவர்களுடைய பெயர்கள் படைப்பட்டியல்களில் வாழ்கின்றன. வாலிகண்டபுரத்தில் நின்றவர்களில் ஒருவர் பெயரையும் நம் நூல்கள் நமக்குச் சொல்வதில்லை.

நம் மொழியில் அவர்களுக்கு எஞ்சியிருப்பது 'காப்பிரி' என்ற சொல் மட்டும். அதையும் சுருட்டை முடியையும் கறுத்த மேனியையும் பழிக்கவே கையாளுகிறோம். நிறவெறியை வெள்ளையனின் நோய் என்று மேடையில் முழங்கும் நாம், நம் நாவிலுள்ள இச்சொல்லுக்கு என்ன விளக்கம் தருவோம்? இலங்கைப் புத்தளத்தருகே சிரம்பியடியில், ஐரோப்பியர் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தம் பாடல்களைப் பாடிவருகிறார்கள். அங்கே ஒரு மரபு பிழைத்திருக்க, இங்கே ஒரு வசைச்சொல்தான் பிழைத்திருக்கிறது.

சரித்திர நாவல் எழுதுவோர்க்கு ஒரு வேண்டுகோள். அரண்மனை அந்தப்புரங்களில் போதுமான காலம் கழித்துவிட்டீர்கள். வாலிகண்டபுரம் வரை ஒருமுறை வாருங்கள். ஓடியவர்களின் பெயர்களை நாம் அறிவோம். நின்றவர்களைப் பற்றி எழுதுவதே இனி நம் கடன்.