கனம் காவலாகுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

சீர்வரிசைச் சாமான்களுக்கிடையே உறவினர்களும் சரக்கு வேனில் உட்கார்ந்து செல்வது நம் ஊர்களில் வழக்கம். "பீரோவைக் கட்டவில்லையா?" என்று கேட்டால், "இவ்வளவு கனம் எங்கே நகரப் போகிறது?" என்பார்கள். இந்த நம்பிக்கை தவறானது.

எடை கூடினால் பொருளைப் பிடித்து வைக்கும் உராய்வு விசை கூடும் என்பது உண்மையே. ஆனால் ஓடும் பொருளை நிறுத்தத் தேவையான விசையும் அதே அளவில் கூடுகிறதல்லவா? ஆகவே, திடீரென்று பிரேக் போட்டால் காலிப் பெட்டியைப் போலவே பீரோவும் சறுக்கும். மோதும்போதுதான் கனத்தின் கொடுமை தெரியும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி நின்றால், கட்டப்படாத 50 கிலோ அரிசி மூட்டை அதே வேகத்தில் முன்னே பாயும். ஏறத்தாழ 14 மீட்டர், அதாவது நான்கு மாடி உயரத்திலிருந்து விழும் மூட்டையின் வேகம் அது. எதிரே இருப்பதோ நம் தாயின் முதுகு!

நியூட்டன் 1687-இல் வெளியிட்ட விதியைத் தேர்வில் பிழையின்றி எழுதும் நாம், வண்டியில் ஏறும்போது அதை மறக்கலாமா? ஆட்களைத் தனி வண்டியில் அனுப்புவதே முறை. சேர்ந்து போக நேர்ந்தால், கனமானவற்றைத் தளத்தோடு வைத்து, வண்டிச் சட்டத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். அவற்றின் முன்னே எவரும் உட்காரக் கூடாது.

இதை நம் வீட்டாருக்கு எடுத்துச் சொல்ல, கல்லூரிக்கு வந்த நம்மை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?