அந்த 900 கிராம் தூசி எங்கே போகுது?

கள்ளக்குறிச்சியில எந்தத் தெருவுல வீடு கட்டினாலும் கடைசிக் கட்டத்துல மார்பிள் கட்டர் சத்தம் கேட்கும். அதைச் சுத்தி வெள்ளையா ஒரு புகை மூட்டம் நிற்கும். நாம மூக்கைப் பொத்திக்கிட்டு நகர்ந்துடுவோம். டைல்ஸ் ஒட்டுற அண்ணனால நகர முடியாது. முகத்துல துண்டைக் கட்டிக்கிட்டு அடுத்த டைல்ஸை எடுப்பார். உங்க வீட்டுல டைல்ஸ் வேலை வந்தா, நேர் வெட்டுக்கெல்லாம் கை கட்டர்தான் வேணும்னு கேளுங்க. ஏன்னு சொல்றேன்.

முதல்ல ஒரு கணக்கு. 10-க்கு 12 அடி அறை. வாசல் போக சுவர் ஓரம் 41 அடி. அதுக்கு 4 இன்ச் ஸ்கர்ட்டிங் ஒட்ட, 2-க்கு 2 அடி டைல்ஸ்ல இருந்து 21 பட்டை எடுக்கணும். அதுக்கு 18 வெட்டு. டைல்ஸ் தடிமன் 9 மி.மீ., பிளேடு தடிமன் 2 மி.மீ.னு வைங்க. ஒரு வெட்டுக்கு 60 × 0.9 × 0.2 = 10.8 கன செ.மீ. பொடியாகுது. அடர்த்தி 2.3-னு போட்டா சுமார் 25 கிராம். ரெண்டு அறைக்கு 36 வெட்டு, 900 கிராம். தரைக்கு வெட்டுறது இதுல சேரவே இல்லை.

இது எல்லாமே நுரையீரலுக்குப் போகாது. கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் உள்ளே போய்த் தங்கும். போர்சலின், அதாவது கடையில நாம 'வைட்ரிஃபைட்'னு கேட்டு வாங்குற டைல்ஸ், களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் கலந்து சுட்டது. குவார்ட்ஸ்னா படிக சிலிக்கா. அந்தத் தூசியால வர்ற சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு வகைப்படுத்திடுச்சு.

கை கட்டர் டைல்ஸை அறுக்கிறதில்லை. சின்னச் சக்கரம் மேற்பரப்புல ஒரு கீறல் போடும். கைப்பிடியை அழுத்தினா டைல்ஸ் வளைஞ்சு கீறல் வழியா ரெண்டாப் பிளக்கும். கிரிஃபித் 1921-ல எழுதின விரிசல் கோட்பாட்டை மெட்டீரியல்ஸ் பேப்பருக்கு மனப்பாடம் பண்றோமே, அதேதான். தூசி ரொம்பக் கொஞ்சம், கரண்டும் வேண்டாம்.

"வைட்ரிஃபைட் கை கட்டர்ல நிக்காது தம்பி, ஓரம் தெறிச்சிடும்"னு மேஸ்திரி சொல்வார். ஆட்டம் கண்ட மலிவு கட்டரைப் பார்த்தவர் அப்படித்தான் சொல்வார். அதனால வாங்கும்போது இதைப் பாருங்க.

நீளம்: 2-க்கு 2 டைல்ஸுக்கு 600 மி.மீ. போதும். மூலைக்கு மூலை வெட்டணும்னா 850. 2-க்கு 4 டைல்ஸை நீளவாக்குல வெட்ட 1200.

தண்டவாளம்: கைப்பிடியைப் பிடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டுங்க. ஆடினா வேண்டாம். கீறல் நேரா போகலைன்னா பிளவும் போகாது.

சக்கரம்: டங்ஸ்டன் கார்பைடா இருக்கணும், மாத்தக்கூடியதா இருக்கணும். சொரசொரப்பான டைல்ஸுக்குப் பெரிய சக்கரம் நல்லது.

சோதனை: வீட்டுல ஒட்டப்போற டைல்ஸ் துண்டைக் கடைக்கே எடுத்துட்டுப் போங்க. ஒரே இழுப்புல கீறச் சொல்லுங்க. திரும்பத் திரும்பக் கீறினாதான் ஓரம் தெறிக்கும். 4 இன்ச் பட்டை சுத்தமா வந்தா தைரியமா வாங்கலாம்.

ஸ்விட்ச் பாக்ஸுக்கு 'எல்' வெட்டு, பைப்புக்கு ஓட்டை, இதுக்கெல்லாம் மெஷின்தான். அதைத் தண்ணி விட்டு, நல்ல மாஸ்க் போட்டு, வெளியில வச்சு வெட்டட்டும். மீதி எல்லாம் நேர் வெட்டுதான்.

கல்வராயன் மலையில இதுக்கு இன்னும் அர்த்தம் உண்டு. வெள்ளிமலையில கட்டுற வீட்டுக்கு டைல்ஸ் கச்சிராயபாளையம் வழியா மலை ஏறணும். கரண்ட் போனா மெஷின் வேலை நிக்கும். கை கட்டர் நிக்காது. மலையிலிருந்து கூலி வேலைக்கு வெளி மாநிலம் போற பசங்களும் இருக்காங்க. அவங்க அங்கே கட்டட வேலைக்குப் போனா, அங்கேயும் இதே தூசிதான்.

நல்ல கட்டருக்கு விலை அதிகம், ஒத்துக்கிறேன். நாள் கூலிக்கு வர்றவர் தலையில அதைக் கட்டுறது நியாயமில்லை. லட்சக்கணக்குல செலவு பண்ணி வீடு கட்டுறவங்க இதையும் எஸ்டிமேட்ல ஒரு வரியா சேர்க்கட்டும். சென்ட்ரிங் ஷீட்டும் வைப்ரேட்டரும் வாடகைக்குக் கிடைக்கிற ஊர்ல, கை கட்டரும் வாடகைக்குக் கிடைக்கணும். கேட்க ஆள் இருந்தா கடைக்காரர் வாங்கி வைப்பார். கேட்கிற முதல் ஆள் நீங்களா இருங்க.