ஊர் மறுத்தாலும் விதி விதிதான்

சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகரை ஒட்டிய வாங்கன் ஊரில், துருக்கியப் பண்பாட்டுச் சங்கம் தன் கட்டடக் கூரையின்மேல் 6 மீட்டர் மினாரா எழுப்ப 2005-இல் அனுமதி கேட்டது. ஊர்க் கட்டடக் குழு மறுத்தது. சோலோதூர்ன் மாநிலக் கட்டட, நீதித் துறை அந்த மறுப்பை ரத்து செய்தது. எதிர்த்தவர்கள் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம்வரை போயும் 2007-இல் தோற்றார்கள். உள்ளூர்க்காரர் சொல்லுக்கு மதிப்பில்லையா என்ற கேள்வி அற்பமானதல்ல. ஆனால் விதியை வகுக்கத்தான் ஊருக்கு உரிமை. விண்ணப்பித்தவர் யாரென்று பார்த்து அதை வளைக்க அல்ல. அக்கம்பக்கத்தாரின் நெருக்கடிக்கு எட்டாத அமைப்பு மேல்முறையீட்டை விசாரிக்க வேண்டியது இதனால்தான். தாமதமா? உண்டு, மினாரா எழ 2009 ஆயிற்று. அதே ஆண்டு நவம்பரில், பொது வாக்கெடுப்பில் 57.5 சதவீதத்தினர் ஆதரிக்க, புதிய மினாராக்களுக்கு அரசியலமைப்பே தடை விதித்தது. அத்தடை நமக்கு உடன்பாடல்ல. ஆயினும், முன்பே அனுமதி பெற்ற வாங்கன் மினாராவை அது தொடவில்லை.