அதிர்வில் உதிரும் மகரந்தம்

தேனீ என்றதும் தேனடையே நம் நினைவுக்கு வருகிறது. தனித்து வாழும் காட்டுத்தேனீக்களை நாம் எண்ணுவதில்லை. புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்தரியையே எடுத்துக்கொள்வோம். கத்தரிப் பூவின் மகரந்தப்பை நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. நீலவரித் தேனீயும் தச்சுத் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசைகளை அதிர்விக்க, மகரந்தம் உதிர்கிறது, காய்ப்பும் பெருகுகிறது. பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இவ்வித்தை தெரியாது.

பட்டமரத்தை வெட்டினால் தச்சுத் தேனீ வீடிழக்கும். வரப்பு மண்ணில் நஞ்சு படிந்தால் நீலவரித் தேனீ அழியும். எனவே, தேன்பெட்டி வைப்பது மட்டுமே தேனீப் பாதுகாப்பு ஆகாது. ஜோலார்பேட்டையில் உயிரியல் பயிலும் மாணவர், ஏலகிரி அடிவாரத் தோட்டங்களில் பூக்களை நாடிவரும் தேனீக்களைக் காலைதோறும் எண்ணிக் குறித்துவர வேண்டும். எவை குறைகின்றன என்பதை அக்குறிப்பேடே முதலில் உணர்த்தும்.