சிறகை விரித்துப் பார்த்துச் ‘சேவல்’ என்று சொல்லிவிடாதீர்கள்

கோழிக்குஞ்சின் சிறகை விரித்துப் பாருங்கள். இறகுகள் ஒன்று நீளம் ஒன்று குட்டையாக இருந்தால் பெட்டை, எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் சேவல். இப்படிச் சொல்லும் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஆயாம் கம்போங் என்று நாம் சந்தையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த நாட்டுக்கோழியின் குஞ்சுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. தாமான் வீடுகளில் சேவல் கூவினால் பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பார்கள். அதனால் இந்தச் சோதனையை நம்பி, ஒரு வாரக் குஞ்சுகளில் ‘சேவல்களை’ யாருக்காவது கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. முட்டையிட வேண்டிய பெட்டை அதோடு போய்விடும். வீட்டில் மிஞ்சியது சில மாதம் கழித்து விடியற்காலையில் கூவும்.

படிவம் 5 உயிரியலில் நிறக்குருடும் ஹீமோபிலியாவும் தாயிடமிருந்து மகனுக்கு எப்படிப் போகின்றன என்று படித்திருப்பீர்கள். கோழியில் அந்தக் கணக்கு தலைகீழ். சேவலுக்கு ஒரே மாதிரியான இரண்டு இசட் குரோமோசோம்கள். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. ஆகவே பெட்டைக்குஞ்சு தன் ஒரே இசட்டைத் தகப்பனிடமிருந்துதான் பெற முடியும். சிறகு வேகமாக முளைப்பதா, மெதுவாக முளைப்பதா என்பதைத் தீர்மானிக்கும் மரபணு இந்த இசட்டில்தான் இருக்கிறது. ‘மெதுவானது’ ஓங்கு பண்பு.

இப்போது ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். தகப்பன் வேக இனம், தாய் மெதுவான இனம் என்றால், மகள்கள் எல்லாரும் வேகம், மகன்கள் எல்லாரும் மெது. குஞ்சு பொரித்த முதல் நாளில் பெட்டையின் சிறகில் நீண்ட இறகுகள், அவற்றை மூடும் மேல் இறகுகளைத் தாண்டி நிற்கும். சேவலுக்கு அப்படி இருக்காது. அதுவும் முதல் ஓரிரு நாள்தான். பிறகு பார்த்துப் பயனில்லை. சரி, பெற்றோரை மாற்றிப் போடுங்கள். தகப்பன் கலப்பில்லாத மெதுவான இனமாக இருந்தால் குஞ்சுகள் எல்லாமே மெது. இரண்டு பக்கமும் வேகம் என்றால் எல்லாமே வேகம். சிறகு எதையும் சொல்லாது. ஆக, காணொளியில் காட்டும் வேறுபாடு எல்லாக் கோழிகளுக்கும் உரிய குணமன்று. பண்ணைக்காரர் திட்டமிட்டு இணை சேர்த்ததால் கிடைப்பது. இந்தப் பாதியை விட்டுவிட்டுத்தான் பலரும் மற்றப் பாதியைச் சொல்கிறார்கள். எனக்கு அதில்தான் கோபம்.

பொறுத்திருப்பவர்களுக்கு இறகு உண்மையைச் சொல்லும். ஏறக்குறைய மூன்று மாதத்தில், இனத்துக்கு இனம் சில வாரங்கள் முன்பின்னாக, கழுத்தையும் வாலுக்கு முன்னுள்ள முதுகுப் பகுதியையும் பாருங்கள். பெட்டையின் இறகு நுனி உருண்டையாக இருக்கும். சேவலுக்கு ஒல்லியாக, கூராக, பளபளப்பாக வளரும்.

ஆண் ஹார்மோன்தான் சேவலுக்கு அந்தப் பகட்டைத் தருகிறது என்று நினைப்பீர்கள். இல்லை! விதை நீக்கிய சேவலுக்குக் கொண்டை சுருங்கும். இறகு அப்படியே மின்னும். கருவகத்தை இழந்த பெட்டையோ அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது சேவல் இறகை அணிந்துகொள்ளும். அதாவது, தடுக்க ஈஸ்ட்ரோஜன் இல்லாவிட்டால் கோழி இறகு சேவல் இறகாகத்தான் வளரும். செப்ரைட் என்ற சிறிய இனத்தில் சேவலுக்கும் பெட்டை இறகுதான்; அதன் தோலே ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. பழ ஈ ஆய்வுகளுக்காக 1933இல் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஹண்ட் மார்கன், செப்ரைட் சேவல்களின் விதையை நீக்கிப் பார்த்தார். அவற்றுக்குச் சேவல் இறகு முளைத்தது.

இதெல்லாம் வெறும் வேடிக்கை விஷயமன்று. முட்டைக்காக வளர்க்கும் இனங்களில் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, இறைச்சிக்கும் லாபமாக வளராது. அதனால் உலகின் பெரும்பாலான பொரிப்பகங்களில் முதல் நாளே பிரித்துக் கொன்றுவிடுகிறார்கள். 2022 முதல் ஜெர்மனி இதைத் தடை செய்தது. அங்கே கைகொடுத்த வழிகளில் ஒன்றும் இறகுதான். பழுப்பு முட்டையிடும் இனங்களில் பெட்டைக்குஞ்சு பழுப்பு, சேவல் குஞ்சு வெளிர் மஞ்சள். அந்த நிற மரபணுவும் இசட்டில்தான் இருக்கிறது. முட்டைக்குள் ஒளியைச் செலுத்தி, சுமார் 13ஆம் நாளில் உள்ளே முளைக்கும் இறகின் நிறத்தை இயந்திரம் படிக்கிறது. சேவல் என்றால் அந்த முட்டை பொரிக்கும் வரை போவதில்லை. செலவு கூடும்தான். பொரித்த குஞ்சைக் கொல்வதைவிட அந்தச் சில காசு மேல் என்பது என் கருத்து. நம் நாட்டிலும் இந்தப் பேச்சு தொடங்க வேண்டும்.

உங்கள் வீட்டிலோ பாட்டி வீட்டிலோ குஞ்சு பொரித்தால் யாரையும் வெளியே அனுப்பாதீர்கள். முதல் நாளே சிறகைப் பார்த்து உங்கள் ஊகத்தைக் குறிப்பேட்டில் எழுதி, காலில் வண்ண நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். கால் தடிக்கத் தடிக்க நூலை மாற்ற வேண்டும், மறந்துவிட்டால் இறுக்கிவிடும். மூன்று மாதம் கழித்துக் கழுத்து இறகோடு ஒப்பிடுங்கள். 20 குஞ்சில் 11 சரியாக வந்தது என்று துள்ள வேண்டாம். காசைச் சுண்டினாலே பத்துக்குப் பக்கமாக வரும். 18 சரி என்றால் உங்கள் சேவலும் பெட்டையும் எந்த இனம் என்று விசாரியுங்கள்.