தூண்டில் பிடித்த கை



எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் மார்பில் கட்டி வந்து, வலது பக்கம் ஆபரேஷன் ஆயிற்று. அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். நல்லபடியாகப் பிழைத்து வந்தார். ஆனால் அந்த வலது கையை மட்டும் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டேதான் நடமாடுவார். கொடியில் புடவை உலர்த்தப் பயம். தலை பின்னக்கூடப் பயம். "அந்தக் கையாலே ஒண்ணும் செய்யாதேன்னு எல்லாரும் சொல்றாங்களே!" என்பார்.

போன கோடையில் அமெரிக்காவில், விஸ்கான்சினில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்ததும் என்னிடம் சொன்ன முதல் சேதி என்ன தெரியுமா? "நான் ஆத்துல மீன் பிடிச்சேன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு உட்கார்ந்து கேட்டேன்.

அங்கே விஸ்கான்சின் என்ற பெயரிலேயே ஒரு ஆறு ஓடுகிறது. மகளும் மருமகனும் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, 'கனூ' என்கிற ஒல்லிப் படகில் போய் மீன் பிடிப்பார்களாம். புழு கோர்த்துப் போடும் தூண்டில் இல்லை இது. முள்ளில் இறகும் ரோமமும் கட்டி, பூச்சி போலவோ குட்டி மீன் போலவோ செய்து வைத்திருப்பார்கள். 'ஃப்ளை' என்று பெயர். அதற்குக் கனமே கிடையாது. கனமெல்லாம் தடித்த நூலில்தான். அதனால் ஓங்கி எறியப் பலம் வேண்டாம். கழியைப் பின்னால் தூக்கி, நூல் நீளும்வரை ஒரு கணம் நிறுத்தி, முன்னால் கொண்டுவர வேண்டும். தாளம் தவறாமல் இருந்தால் போதும்.

மகள் டாக்டரைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் அம்மா கையில் கழியைக் கொடுத்தாள். எல்லோரும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டார்கள். படகில் எழுந்து நிற்கக் கூடாது. ஒரு சமயத்தில் ஒருவர்தான் வீச வேண்டும்.

கரையோரம் சேற்றைக் கிளறி மேய்ந்துகொண்டிருந்தது கார்ப். நம் குளங்களில் வளர்க்கும் சாதாக் கெண்டையேதான்! 1870-களில் அமெரிக்க அரசு ஜெர்மனியிலிருந்து தருவித்து வளர்த்தது. நம் நீலகிரிக்கு 1939-ல் இலங்கையிலிருந்து வந்தது. அதற்குக் காது கூர்மை. அக்கா தண்ணீர் பாட்டிலைப் படகில் 'டக்'கென்று வைத்தார், அவ்வளவுதான், மீன் மாயம்!

பிறகு பைக். மோட்டார் பைக் இல்லை, மீனின் பெயர்தான்! நீண்ட மூஞ்சி, வாய் நிறைய ஊசிப்பல். நூலைக் கடித்துவிடும் என்று நுனியில் கம்பி கட்டியிருந்தார்கள். அது வெடுக்கென்று இழுத்ததும், அக்கா தன்னை அறியாமல் வலது கையை உயர்த்திக் கழியைப் பிடித்துவிட்டார். மருமகன் மீனைத் தண்ணீரில் வைத்தே முள்ளைக் கழற்றி விட்டுவிட்டாராம். "குழம்புக்கு எடுக்கலையா?" என்றேன். "போகட்டும் பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்றார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

"மீன் போனா போகுது. இந்தக் கை தோளுக்கு மேலே போச்சு, பார்த்தியா? அதைத்தான் அன்னிக்குப் பிடிச்சேன்."

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, சகோதரிகளே. ஃப்ளை வீசும் அசைவு, இந்த ஆபரேஷனுக்குப் பின் சொல்லித் தரும் தோள் பயிற்சியைப் போலவே இருக்கிறது. இதைக் கவனித்து, 1996-ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஒரு பெண் டாக்டரும் ஃப்ளை வீசத் தெரிந்த ஒரு பெண்மணியும் சேர்ந்து 'காஸ்டிங் ஃபார் ரிகவரி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய் இலவசமாகக் கற்றுத் தருகிறார்கள். புற்றுநோயைத் தூண்டில் குணப்படுத்தாது. கைக்கும் மனதுக்கும் தெம்பு தருகிறது.

நமக்கு ஆறும் வேண்டாம், படகும் வேண்டாம். டாக்டர் சரி என்று சொன்ன நாளிலிருந்து, பிஸியோதெரபிஸ்ட் காட்டியபடி கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம்:

● சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறுவது.

● அந்தக் கையாலேயே தலை வாருவது.

● தோளை மெதுவாகச் சுழற்றுவது.

வலித்தால் நிறுத்திவிடுங்கள். அந்தக் கையில் காயம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவும் முள் குத்தாமலிருக்கக் கையுறை போட்டுக்கொண்டாராம். நாம் பாத்திரம் தேய்க்கும்போதும், தோட்ட வேலையின்போதும் போட்டுக்கொள்ளலாம். வளையல், மோதிரம் இறுகினாலோ, கை கனத்தாலோ அது நிணநீர் வீக்கமாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஓடுங்கள்.

அக்கா இப்போது பயிற்சிக்குப் போய் வருகிறார். நேற்று மாடியில் தானே புடவை உலர்த்திக்கொண்டிருந்தார், வலது கையால்!

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருத்தி இருந்தால், "ஒண்ணும் செய்யாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். "வா, டாக்டரைக் கேட்டுக்கிட்டுச் செய்யலாம்" என்று துணைக்குப் போங்கள்.